வெறும் வயிற்றில்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீர் நன்றாகவே இருந்தது, மேடம். இலையைக் கொஞ்சம் அதிக நேரம் கொதிக்க விட்டுவிட்டார்கள், அதனால் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். எங்கே தேநீர் குடித்தாலும் என் நாக்கு முதலில் துவர்ப்பைத்தான் தேடும். அந்தத் துவர்ப்புதான் இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டது. என் தங்கையை ஆளாக்கியதும் அதுதான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குரலை உயர்த்த வேண்டியதில்லை. நேற்று விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் உயர்த்திப் பார்த்தார். பாவம், அவருக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.

எங்கள் கம்பெனியில் பச்சைத் தேயிலையிலிருந்து சத்தைப் பிரித்துப் பொடியாக்கி, கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறோம். டப்பாவின் முகத்தில் ஆன்டிஆக்ஸிடென்ட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தரம் பார்க்கும் அறை என் பொறுப்பு. வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டால் பதில் சொல்வதும் நான்தான். இரும்பு துருப்பிடிக்கிறது அல்லவா, அது மாதிரி உடம்புக்குள்ளும் ஒரு துரு உண்டு, அதைத் தடுக்கிற சரக்கு தேயிலையில் இருக்கிறது என்பேன். இதயத்துக்கு நல்லதா, எடை குறையுமா என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் சொல்லப்படுவதில் பாதி ஆராய்ச்சி, பாதி ஆசை. ஆராய்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு ஆசையை அவர்களுக்கே விட்டுவிடுவேன். பொய் சொல்லி ஒரு டப்பாகூட விற்றதில்லை.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். சாப்பிட்ட பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் போடாதீர்கள். கோப்பையில் குடிக்கிற தேநீர் வேறு, பல கோப்பைத் தேநீரை இறுக்கி ஒரு சின்ன உறைக்குள் திணித்தது வேறு. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். "நீங்க எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது" என்பேன். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வேலையில் இன்னொரு பழக்கம் உண்டு. புதுப் பொடி ஏற்றுவதற்கு முன்னால் இயந்திரத்தில் சோளமாவை ஓட்டிப் பார்ப்போம். பொடி யானை விலை, மாவு மலிவு. உறை ஒழுங்காக மூடுகிறதா, எடை நிற்கிறதா என்று மாவை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அந்த மாவுக் கேப்ஸ்யூல்களை வெள்ளோட்டம் என்போம். பச்சை உறை உள்ளே இருப்பதைக் காட்டாது என்பதால் பார்வைக்கு அசலும் வெள்ளோட்டமும் இரட்டைப் பிள்ளைகள்தான். வேலை முடிந்ததும் வெள்ளோட்டத்தைக் குப்பையில் கொட்டிவிட வேண்டும். பெரும்பாலும் அதைக் கொட்டுவது நான்தான்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது சின்னவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். பிறகு என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். தங்கையும் என்னோடுதான் இருப்பாள் என்றேன். வந்த வழியே போனார்கள். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவள் இருந்தாள், போதும்.

அவள் நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சியாளர் ஆனாள். பிள்ளைகள் அவளை மீன் டீச்சர் என்பார்கள். நல்ல தோள், நல்ல மூச்சு. தண்ணீருக்குள் அவள் போனால் மேலே நிற்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும். எப்போது வீட்டுக்கு வந்தாலும் தலைமுடி ஈரமாக இருக்கும், குளோரின் வாசனை அடிக்கும். துண்டைத் துவைத்தாலும் போகாது, தலையணையிலும் இருக்கும். "இது என்ன வீடா, குளமா?" என்று திட்டுவேன். "குளம்னா நீதான் அதுல பெரிய முதலை" என்பாள்.

அவளுக்கு அந்தக் கேப்ஸ்யூலைக் கொடுக்க ஆரம்பித்தது அன்பினால்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆளுக்கு ஒரு டப்பா, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காலையில் அவள் கிளம்பும்போது ஒன்றை எடுத்து என் கையில் இருப்பதோடு தட்டுவாள். டிக் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். "உன் உடம்புக்கும் சேர்த்து, அக்கா" என்று விழுங்குவாள். நானும் விழுங்குவேன். அவள் தின்றதை நானும் தின்றேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுடி" என்று ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தேன். "சாப்பிட்டுட்டுத் தண்ணியில குதிச்சா வாந்திதான் வரும்" என்றாள். சரி, இளம் உடம்பு தாங்கும் என்று விட்டுவிட்டேன். நல்லது என்றால் இரண்டு மடங்கு நல்லதாக இருக்கட்டுமே என்று அவள் பிறகு இரண்டிரண்டாகப் போட ஆரம்பித்தாள். அதையும் விட்டுவிட்டேன்.

முதல் முறை அவள் கண் மஞ்சளானதை நான் பார்க்கவில்லை. குளோரினால் அவள் கண் எப்போதும் சிவந்தே கிடக்கும், நீந்தும்போது கறுப்புக் கண்ணாடி வேறு. குளத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மாதான் சொல்லி அனுப்பினாள். மருத்துவமனையில் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். "மருந்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டேன் டாக்டர்" என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அன்றைக்கு அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் அது மருந்து என்று யாரும் நினைக்கவில்லை, அது தேநீர். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று உங்களை யாராவது கேட்டால், இந்தக் கோப்பையையா சொல்வீர்கள்?

டப்பா வீட்டில் இருந்தது, அவள் மருத்துவமனையில் இருந்தாள். ஆகவே அது தானாக நின்றுபோனது. மஞ்சள் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அவள் சோபாவில் படுத்து என் மடியில் காலைப் போட்டுக்கொள்வாள். சூப்பை ஆற்றி ஆற்றிக் கொடுப்பேன். எழுந்து நடந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். "தலை சீவி விடு அக்கா" என்பாள், பள்ளிக்கூடம் போகிற நாளில் கேட்ட அதே குரலில். முடியில் குளோரின் வாசனை போய், அவளுடைய சொந்த வாசனை திரும்பியிருந்தது.

அப்போதுதான் பம்ப்காரரைப் பற்றிச் சொன்னாள். குளத்தில் தண்ணீர் சுத்தம் செய்கிற பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குக் கடல் தாண்டி ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது, அதே இடத்தில் இவளுக்கும் வேலை உண்டாம், இரண்டு பேருமாகப் போவதாகப் பேச்சு. எனக்கு முன்பே வாடை அடித்திருந்தது. போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிக்கிற பெண்ணை எத்தனை நாள் கவனிக்காமல் இருக்க முடியும்? நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "இப்ப வேணாம்னு சொல்லிட்டேன் அக்கா. நீ இல்லாம என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியலையே."

நீ இல்லாமல் முடியவில்லை என்றாள். இருபது வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. காத்திருந்தேன் என்பதே அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் புருஷன் உடம்பை இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடந்து எங்கள் கேப்ஸ்யூலைப் போட்டிருக்கிறார், கண் மஞ்சளாகிவிட்டது. எங்கள் ஆலோசகர் டாக்டரிடம் கேட்டேன். "அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். ஈரல் இதை ஏத்துக்காது. உடனே நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா திரும்ப மட்டும் தொடக்கூடாது, அடுத்த தடவை இன்னும் வேகமாத் தாக்கும்" என்றார். அந்தப் பெண்ணிடம் அதை வரிக்கு வரி சொன்னேன். "டாக்டர்கிட்ட இந்த டப்பாவைக் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க அம்மா, மறைக்காதீங்க" என்றும் சொன்னேன். அவர் பிழைத்துக்கொண்டார். நன்றி சொல்ல அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு டப்பாக்களையும் மேசையிலிருந்து எடுத்தேன். குப்பையில் போட வேண்டும் என்றுதான் எடுத்தேன். சமையலறை அலமாரியில், பழைய தட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன்.

உடம்பு தேறியதும் அவள் குளத்துக்குப் போனாள். குளோரின் வாசனையும் திரும்பி வந்தது, கடல் தாண்டிய பேச்சும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப்காரர் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கை சும்மா இருக்காது. வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த எங்கள் குளியலறைக் குழாயை, பேச்சோடு பேச்சாகப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். "இனிமே ஒரு சொட்டு விழாது அக்கா" என்றார். அவர் வாயால் அக்கா என்று கேட்டதும் கேக்கை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். போகிற தேதியைக்கூட முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாள் காலை டப்பாக்கள் மேசைக்கு வந்துவிட்டன. நான்தான் வைத்தேன். ஆனால் கேட்டது அவள்தான், மேடம். "இதை மறுபடி ஆரம்பிக்கட்டுமா அக்கா? ஊருக்குப் போறதுக்குள்ள உடம்பைத் தேத்தணும்ல?" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் இப்போது காலையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். நான் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தேன். "முதல்ல மாத்திரையைப் போடு. வெறும் வயித்துல போட்டாத்தான் உடம்புல ஒட்டும்" என்றேன்.

ஊருக்கெல்லாம் ஒன்று சொல்லி அவளுக்கு மட்டும் வேறு சொன்னேன். அவள் என்னிடம் காரணம் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு அதுதான் காரணம்.

கண் மஞ்சளானது. இந்த முறை முதலில் பார்த்தது நான். பார்த்ததும் டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வரும்போது தீயைக் குறைக்க நமக்குத் தெரியாதா? அந்த அளவுக்குத்தான் செய்தேன். அவள் மறுபடி சோபாவுக்கு வந்தாள், என் மடிக்கு வந்தாள். போகிற தேதி தள்ளிப்போனது. நான் கணக்குப் போட்டிருந்தது வேறு. நோயாளிப் பெண்ணை நம்பி எந்த ஆண் உட்கார்ந்திருப்பான், ஒரு தடவை பார்ப்பான், இரண்டு தடவை பார்ப்பான், நடையைக் கட்டுவான் என்று நினைத்தேன். பம்ப்காரர் அந்த வேலையையே தள்ளிப் போட்டுவிட்டுத் தினமும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். இவள் கால்மாட்டில் உட்கார்ந்து பழத்தை நறுக்கிக் கொடுப்பார். தலை சீவி விடவும் அவரே கற்றுக்கொண்டார்.

அவர் போயிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அவர் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் தேறியதும் மறுபடி தேதி குறித்தார்கள். மூன்றாவது முறையும் அதே மேசை, அதே டப்பாக்கள். அவர்கள் கிளம்பப் போகிற வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மாத்திரையைத் தட்டி, "உன் உடம்புக்கும் சேர்த்து, அக்கா. நான் போனப்புறம் தனியாத் தட்டிக்கோ" என்று சிரித்தாள். சிரிப்பில் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணில் அப்போது வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை அவள் உடம்பு டப்பாவை எடுத்து ஒளிக்க எனக்கு நேரமே கொடுக்கவில்லை. பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. மருத்துவமனையில் மூத்த டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மூலிகை, சத்து மாத்திரை, டீ, பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. காரணம் தெரிஞ்சா இன்னும் ஒண்ணு ரெண்டு செஞ்சு பார்க்கலாம்" என்றார். கேள்வி இத்தனை தெளிவாக இருந்தது. பம்ப்காரர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள். "அப்படி ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பயமா என்கிறீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, ஜெயில் என்ற பயமும் இல்லை. சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். பிழைத்திருந்தால் ஒரு நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்திருப்பாள். எல்லாம் தெரிந்த கண்ணோடு என்னைப் பார்த்திருப்பாள். அதை நினைக்கவே என்னால் முடியவில்லை.

கடைசியில் அவளுக்கு நினைவு தப்பிப் பேச்சு குழறியது. படுக்கையில் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தாள். கட்டிப்போடலாமா என்று நர்ஸ் கேட்டாள். "வேணாம் சிஸ்டர், நீந்துறா" என்றார் பம்ப்காரர். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, கரை எங்க இருக்கு?" என்று கேட்டாள். "இதோ, பக்கத்துலதான்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையைப் பிடித்தபடிதான் போனாள். அந்தப் பிடியை அவள் விடவே இல்லை, நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பம்ப்காரர் சரிசெய்த குழாய் இப்போது சொட்டுகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. வந்து படுத்தால் மறுபடி சொட்டுகிறது. அவள் துண்டுகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், ஆனாலும் வீடு முழுக்கக் குளோரின் வாசனை. விடியும் நேரத்தில் மேசைப் பக்கம் டிக் என்று அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறது. மஞ்சள் வேறு கண்ணில் படாத இடமே இல்லை. தெருவிளக்கு, முட்டைக்கரு, பேருந்தின் கம்பி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சட்டை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலை அவளுக்குத்தான் வந்தது, மஞ்சளாகப் பார்ப்பது நானாக இருக்கிறேன். தினமும் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஒரு நாளாவது மஞ்சளாக இருக்கக்கூடாதா என்றிருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லப் போகிறீர்கள். எல்லோரும் சொல்லியாயிற்று, என் வக்கீல்கூடச் சொன்னார். தேயிலைமேல் பழி சொல்லாதீர்கள், மேடம். கோப்பையில் இருக்கும்வரை அது பாவப்பட்ட இலை. அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன அளவில் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம். அவள் சாக வேண்டுமென்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் சோர்வாக, என் வீட்டில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவளுக்குக் கொடுத்தது எனக்கும்தான் என்று இருந்தேன். எந்தக் கொலைகாரி தான் கொடுத்த விஷத்தைத் தானும் கூட உட்கார்ந்து விழுங்குவாள்?

இதையேதான் பம்ப்காரரிடமும் சொன்னேன். அவள் சாமான்களை எடுக்க வந்தவர் மேசையில் இருந்த இரண்டு டப்பாக்களையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். சொட்டுகிற குழாய் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடுகிற கண் அவருக்கு. "நீங்களும் கூடவே சாப்பிட்டீங்களே அக்கா. உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்றார். "உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு தம்பி" என்றேன். மருத்துவப்படி அது சரியான பதில்தான். அவர் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார்.

அந்த டப்பாக்களின் சோதனை முடிவு உங்கள் முன்னால் இருக்கிற கவரில் இருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் பிரிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்ட அன்றே, வீட்டுக்குக் கிளம்பும் முன், வெள்ளோட்டம் கொட்டுகிற வாளியிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் டப்பாவை நான் தொடவில்லை, அதில் இருந்தது அசல் சரக்கு. என் டப்பாவை மட்டும் காலிசெய்து மாற்றி நிரப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் அவள் தன்னுடையதை என்னுடையதோடு தட்டி, உன் உடம்புக்கும் சேர்த்து என்று சொல்லி விழுங்குவாள். நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோளமாவை விழுங்குவேன்.